பெட்டியின் அடியில் இருந்த இழைப்புளி

பாக்கியம் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்திருந்தார். அவிழ்க்கவும் மனமில்லை, என் கையில் தரவும் மனமில்லை. கோதுமை மா சாக்கில் சுற்றி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிய பொட்டலம். ஒரு இறாத்தல் பாண் ரொட்டி அளவு இருக்கும்.

கஹவத்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் பழைய லயம், அதில் நடுக் காம்பரா, ஒற்றை அறை வீடு. மழை அப்போதுதான் விட்டிருந்தது. உள்ளே விறகுப் புகையும் ஈரத்துணி மணமும். எனக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டிருந்தார்கள். டொக்டருக்கும் ஒன்று போட்டார்கள், அவர் உட்காரவில்லை. பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டொக்டர் கொழும்புக்காரர், சிங்களவர், தமிழ் கேட்டால் விளங்கும். பழைய தச்சுச் சாமான் சேர்ப்பதில் பைத்தியம். நல்ல பைத்தியம். பாக்கியத்தின் தம்பி தங்கராசா கைத்தொலைபேசியில் எடுத்து, பழம்பொருள் வாங்குபவர்களின் முகநூல் குழுவில் போட்ட ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, வரக்காப்பொலையில் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். வருகிற வழியெல்லாம் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தபடி வந்தார்.

"அக்கா, வெலைய எங்கிட்ட சொல்ல வேணாங்க," என்றார் பாக்கியம். "இது தொர சாமானா, எங்கப்பா சாமானா, அத மட்டும் பாத்துச் சொல்லுங்க. தொர சாமானா இருந்தா நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க. இந்த வீட்டுல இனி வேணாம்."

கதவு நிலையில் சாய்ந்து நின்ற தங்கராசா என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

என்னிடம் சாமான் காட்டிய எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: எவ்வளவு போகும்? அதைக் கேட்க விரும்பாத ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

கதவுக்கு முட்டுக்கொடுத்த யத்த

பொட்டலம் அவிழ்வதற்குள் நான் எப்படி இந்தத் தொழிலுக்குள் விழுந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். சென்ற வாரம் இந்தப் பத்தியில் மரம் அறுக்கும் பெரிய வாள்களைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்துவிட்டு, இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள் என்று என் கணவரே கேட்டார். அவருக்காகவும்தான் இது.

நான் பிறந்தது தெஹியோவிட்டைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில். கல்யாணமாகி வந்தது வரக்காப்பொலைக்கு. கண்டி வீதியில் எங்களுக்கு ஒரு பழைய தளபாடக் கடை. என் கணவருக்குக் கட்டில், அலமாரி, சாய்மனைக் கதிரை, இவை மட்டும்தான் பழம்பொருள். பங்களாக்களில் சாமான் எடுக்கும்போது அதோடு வந்து சேரும் தச்சுப் பெட்டிகளை அப்படியே பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துப் போட்டுவிடுவார்.

எங்கள் கடைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க ஒரு பழைய யத்தவை முட்டுக்கொடுத்திருந்தோம். யத்த என்றால் இழைப்புளிதான். சிங்களச் சொல், ஆனால் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் தமிழாட்களும் பாதிப்பேர் அப்படித்தான் சொல்வார்கள். ஒருநாள் கண்டிக்குப் போகிற வழியில் ஒரு வெள்ளைக்காரர் வந்து, என் கணவர் காட்டிய தேக்கு அலமாரியைத் தட்டிப் பார்த்தார், தலையாட்டினார், பிறகு குனிந்து கதவுக்கு முட்டுக்கொடுத்ததைக் கையில் எடுத்து, கேட்ட காசைக் கொடுத்துவிட்டுப் போனார். அலமாரி இன்றைக்கும் கடையில்தான் இருக்கிறது.

அன்றிலிருந்து என் கணவர் தச்சுச் சாமான்களைத் தாண்டிப் போகும்போது மரியாதையாகத் தாண்டுகிறார். நான் அவற்றைப் படிக்கத் தொடங்கினேன். புத்தகத்தில் கொஞ்சம், இணையத்தில் கொஞ்சம், ஏமாந்து ஏமாந்து மிச்சம். இப்போது அவிசாவளை முதல் பெல்மதுளை வரை எனக்குப் பெயரே யத்த அக்கா. புதிதாக வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, ஐயா இல்லையா என்று பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். ஐயா அலமாரி துடைத்துக்கொண்டிருப்பார்.

தயவுசெய்து துடைக்காதீர்கள்

வாசகர்களில் யாராவது வீட்டில் பழைய தச்சுச் சாமான் வைத்திருந்தால் ஒரு வேண்டுகோள். கைவைக்காதீர்கள்.

நான் வருகிறேன் என்று தெரிந்தால் போதும், நம் ஆட்கள் பெண்பார்க்க வருகிற மாதிரி சாமானைச் சோடிக்கத் தொடங்கிவிடுவார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். சப்பாத்துக்குப் பூசும் கறுப்பைப் பூசுவார்கள். என் சொந்த ஊரிலேயே ஒரு மகராசன் அருமையான பழைய உளிகளுக்கெல்லாம் வெள்ளி வர்ணம் அடித்து, வெயிலில் காயவைத்துக் காத்திருந்தார். நான் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். பாவம், தேநீர் வேறு ஊற்றி வைத்திருந்தார்.

சேர்ப்பவர்களுக்கு வேண்டியது அந்த அழுக்குத்தான். ஒரு மனிதனுடைய கை நாற்பது ஐம்பது வருஷம் ஒரே இடத்தைப் பிடித்துப் பிடித்து வருகிற மினுக்கம் எந்தக் கடையிலும் கிடைக்காது. பிறகு, செய்தவரின் பெயர் முன்முகப்பில் அடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரும்புத் தகடு தேய்ந்து குட்டையாகிவிட்டதா, தகட்டை இறுக்கும் மர ஆப்பு கூடவே வந்ததா, பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவ்வளவையும் பார்த்துவிட்டுத்தான் விலை.

எல்லாவற்றுக்கும் முன்னால் மரம். இங்கிலாந்திலிருந்து வந்த இழைப்புளிகள் பெரும்பாலும் பீச் என்கிற மரத்தில் செய்தவை. அது நம் நாட்டில் வளராது. இளஞ்சிவப்பாக, உடம்பெல்லாம் பொடிப்பொடிக் கீற்றோடு இருக்கும். ஆனால் எண்ணெயும் புகையும் ஏறிவிட்டால் எல்லா மரமும் ஒரே கறுப்பு. படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, டொக்டராலும் முடியாது, என்னாலும் முடியாது. ஆப்பைக் கழற்றி, எண்ணெய் போகாத உள்வாயைப் பார்க்க வேண்டும்.

பாக்கியத்தின் அப்பா

தோட்டத்தில் தச்சரைப் பாஸ் என்பார்கள். பாக்கியத்தின் அப்பா வேலு பாஸ். கடைசி வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்தில் ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, பக்கத்துத் தச்சுக் கொட்டகை அவர் பொறுப்பில் இருந்தது. தேயிலைக் கொழுந்து வாட்டும் தட்டுகள், லயத்துக் கதவுகள், துரை பங்களாவின் யன்னல்கள், எல்லாம் அவர் கைதான்.

கொட்டகையில் துரை ஊரிலிருந்து கொண்டுவந்த ஓர் இழைப்புளி இருந்தது. சாதாரண இழைப்புளி பலகையை மட்டமாக்கும். இது கதவுச் சட்டத்தின் ஓரத்தில் வளைவும் வரியுமாக அலங்காரம் இழைப்பது. அதன் முன்முகப்பில் செய்தவரின் பெயர் இங்கிலீசில் அடித்திருக்கும். பக்கத்தில் தோட்டத்தின் எழுத்துகளைச் சூடு வைத்திருப்பார்கள்.

அது ஒருநாள் காணாமல் போயிற்று. கொட்டகைச் சாவி வேலு பாஸிடம். வேறு யாரையும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். மறுநாள் காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில், எல்லோர் முன்னாலும் நிறுத்தி, இனி நீ புல்லு வெட்டு என்று துரை சொன்னார். அவர் சாகும்வரை புல்லுத்தான் வெட்டினார். ஊர்வாயில் அவர் பெயர் களவு பாஸ் ஆகிவிட்டது. பாக்கியத்தைப் பள்ளிக்கூடத்தில் களவு பாஸ் மகள் என்றுதான் கூப்பிட்டார்களாம்.

தான் எடுக்கவில்லை என்று வீட்டில் ஒரேயொரு தடவை சொன்னார். பிறகு அந்தப் பேச்சே இல்லை. அவர் செத்த பிறகு, சொந்தச் சாமான் வைத்திருந்த பெட்டியைத் திறந்தார்கள். அடியில், வேட்டித் துணியில் சுற்றி, அந்த இழைப்புளி. இங்கிலீசுப் பெயர். தோட்டத்துச் சூடு.

அம்மா அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தவர், பிள்ளைகள் இருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். வெளியே ஒரு வார்த்தை போகக்கூடாது. மா சாக்கில் சுற்றி, கூரைக்கடியில் இருக்கும் அட்டாலையில் ஏற்றியதும் அவர்தான். அப்போது பாக்கியம் குமரிப்பெண். இப்போது அறுபதைத் தொடுகிறார். அம்மாவும் போய்விட்டார்.

புது வீட்டுக்கு மாறச் சாமான் கட்டும்போது தங்கராசா அதைக் கண்டெடுத்து, அக்காவிடம் கேட்காமலே படம் எடுத்துப் போட்டுவிட்டார். அவர் கணக்கு வேறு. அப்பா எடுத்திருந்தால்தான் என்ன, துரை போய் எத்தனை காலம், நம் குடும்பத்துக்கு இந்தத் தோட்டம் செய்யாத அநியாயமா, நல்ல விலைக்குப் போனால் போகட்டும் என்பது அவர் நியாயம். எனக்கு அதில் பெரிய குறை தெரியவில்லை. ஆனால் பாக்கியத்துக்கு அது கணக்கில் வருகிற விஷயமாக இல்லை. இத்தனை வருஷமும் ஊரோடு ஒத்துக்கொள்ளாமல் வாயை மூடி இருந்தவர், உள்ளுக்குள் அப்பா கள்ளன்தான் என்று ஒத்துக்கொண்டும் இருந்திருக்கிறார். அதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

ஆக, அந்தக் காம்பராவில் என்னைத் தவிர மூன்று பேர் இருந்தார்கள். டொக்டரும் தங்கராசாவும் அது அசலாக இருக்க வேண்டும் என்று பார்த்தார்கள். பாக்கியம் அது அசலாக இருக்கவே கூடாது என்று பார்த்தார். நடுவில் நான்.

ஆப்பு கழன்றது

கடைசியில் அவரே கயிற்றை அவிழ்த்தார்.

கருகருவென்று, அழகான சாமான். வளைவெல்லாம் துல்லியம். டொக்டர் மூச்சை இழுத்துவிட்டது எனக்குக் கேட்டது. சட்டைப் பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, முன்முகப்புப் பெயரின் மேல் வைத்துக் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முகம் விழுந்திருந்தது. கண்ணாடியை என் கையில் தந்து, அடித்த எழுத்து இப்படி இருக்காதே என்று சிங்களத்தில் சொன்னார். நேர்மையான மனிதர். பார்க்காத மாதிரி இருந்திருக்கலாம்.

நான் பார்த்தேன். தொழிற்சாலையில் பெயரை உருக்கு அச்சால் ஒரே அடியாக அடிப்பார்கள். எழுத்தெல்லாம் ஒரே ஆழத்தில் அமுங்கியிருக்கும். இங்கே ஒவ்வொரு கோடும் கத்தி நுனியால் கீறியது. ஓர் எழுத்தில் கத்தி வழுக்கி, மறுபடி திருத்தியிருந்தது. தோட்டத்துச் சூடும் அப்படித்தான். ஆணியைப் பழுக்கக் காய்ச்சிப் புள்ளி புள்ளியாக வைத்து இழுத்திருந்தார்கள்.

பின்பக்கத்தை மரச்சுத்தியலால் மெதுவாகத் தட்டினேன். ஆப்பு அசையவில்லை. செய்து இறுக்கியதோடு சரி, பிறகு யாரும் கழற்றவே இல்லை போல. இன்னும் இரண்டு தட்டு. ஆப்பும் தகடும் கையில் வந்தன. தகட்டின் முதுகில் அரத்தின் பல் வரிகள் அழியாமல் தெரிந்தன. இங்கிலாந்துத் தகடு இல்லை, பழைய அரம் ஒன்றை அடித்துச் செய்தது.

கைத்தொலைபேசி வெளிச்சத்தை உள்வாயில் பிடித்து, பேனாக்கத்தி நுனியால் ஒரு துளி சுரண்டினேன். பிக்குமாரின் காவிக்கு அந்தக் காலத்தில் சாயம் காய்ச்சிய அதே மஞ்சள்.

"பலா," என்றேன்.

பாக்கியம் எழுந்து வந்து அந்த மஞ்சளை விரலால் தொட்டார். தொட்டபடியே பேச ஆரம்பித்தார். லயத்துக்குப் பின்னால் நின்ற பலாமரம் காற்றில் விழுந்தது. அப்பா கங்காணியிடம் கேட்டு ஒரு கிளை எடுத்தார். புல்லு வெட்டப் போட்டதற்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் உட்கார்ந்து செதுக்குவார். என்ன என்று அம்மா கேட்டதற்கு முக்காலிக்குக் கால் என்றார்.

"மஞ்சமஞ்சளா சுருள் விழுகுங்க. நான் காதுல மாட்டிக்கிட்டுத் தோடுன்னு சொல்லிக்கிட்டு ஓடுவேன். முக்காலிய நான் பாக்கவே இல்ல அக்கா. ஏன் பாக்கலன்னு ஒருநாளும் நெனைக்கல."

தங்கராசா லேசில் விடவில்லை. இதைச் செய்து கொட்டகையில் வைத்துவிட்டு அசலை எடுத்துக்கொள்ளப் பார்த்திருக்கலாமே என்று கேட்டார். நியாயமான கேள்வி. பழம்பொருள் சந்தையில் நானே ஒவ்வொரு மாதமும் கேட்கிற கேள்வி. ஆனால் அசல் போன பிறகுதான் இதைச் செய்திருக்கிறார், அக்காவே பார்த்திருக்கிறார் என்றேன். கையில் அசல் இருக்கிறவன் உட்கார்ந்து இன்னொன்று எதற்குச் செய்ய வேண்டும்? திருப்பிக் கொடுக்க நினைத்தால் அசலையே கொட்டகை வாசலில் போட்டுவிடலாமே. இழைப்புளியைத் திருப்பி அடிப்பக்கத்தையும் காட்டினேன். வேலை செய்த இழைப்புளி என்றால் அடி கண்ணாடி மாதிரி வழுவழுக்கும். இதில் உளித் தடம்கூட அழியவில்லை. தகட்டில் கூரும் ஏற்றவில்லை. ஒரு சட்டத்தைக்கூட இது இழைத்ததில்லை. தோட்டத்துச் சாமான் போனதற்கு ஈடாகச் செய்திருக்கிறார். அசல் யார் கைக்குப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. ஆனால் இது அதுவல்ல.

"அப்பா ஒரு சரஸ்வதி பூஜைக்கும் இத வைச்சதில்ல," என்றார் தங்கராசா, இன்னும் பிடிவாதமாக. "மத்த சாமான் எல்லாம் வைப்பாரு. சந்தனம் பொட்டு எல்லாம் வைப்பாரு. களவு சாமான் சாமிக்கு முன்னால வைக்கக்கூடாதுன்னு தான் வைக்கலன்னு அம்மா சொல்லுச்சு."

"அது அவரு சாமான் இல்லடா," என்றார் பாக்கியம். "தோட்டத்துக்குக் குடுக்கச் செஞ்சது. அடுத்தவங்க சாமான எப்படி நம்ம பூஜையில வைப்பாரு?"

தங்கராசா என் கையிலிருந்ததை வாங்கி, கத்தி வழுக்கித் திருத்திய அந்த எழுத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார். வேலு பாஸுக்கு இங்கிலீசு தெரியாது. தமிழே கையெழுத்து மட்டுந்தான். இருந்தும், வருஷக்கணக்காகப் பார்த்த நினைவிலிருந்தே அந்தப் பெயரையும் கீறியிருக்கிறார். சாமான் முழுசாக இருக்க வேண்டும் என்றால் எழுத்தும் இருக்கத்தானே வேண்டும். அந்தச் சூட்டைப் பார்த்துத்தான் பெண்டாட்டியும் பிள்ளைகளும் அவரைக் கள்ளன் என்று முடிவு கட்டினார்கள். இதை நினைத்தபடி ஆப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன், துடைக்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான்.

"பொறகு ஏன் குடுக்கல?" என்று பாக்கியம் யாரிடம் என்றில்லாமல் கேட்டார்.

தங்கராசாதான் பதில் சொன்னார், எழுத்திலிருந்து விரலை எடுக்காமலே.

"எப்பிடிக்கா குடுப்பாரு? கொண்டுபோய்க் குடுத்தா, எடுத்தவன் பயந்து திருப்பிக் குடுத்துட்டான்னு தானே சொல்லுவாங்க."

பாக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அம்மாவுக்குத் தெரியாமலே போய்விட்டதே என்று மட்டும் இரண்டு மூன்று தரம் சொன்னார். நான் தங்கராசாவிடமிருந்து இழைப்புளியை வாங்கி, தகட்டையும் ஆப்பையும் இறுக்காமல் செருகி, அவர் கையில் கொடுத்தேன்.

டொக்டர் என் காதருகே குனிந்து சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார். அசலுக்கு என்று வழியில் உங்களிடம் சொன்ன விலையையே இதற்கும் தருகிறேன், இப்படி ஒன்றை நான் எங்கேயும் பார்த்ததில்லை, கேட்டுப் பார்க்கட்டுமா என்று. இன்றைக்கு வேண்டாம் டொக்டர் என்றேன். அவருக்கு ஆசை அடங்கவில்லை. ஆனாலும் கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வாசலில்

கொழும்பு வண்டி லயத்துக்கு வந்தால் சும்மா இருப்பார்களா. நாங்கள் வெளியே வந்தபோது வாசலில் ஒரு கூட்டமே நின்றது. வேலு பாஸ் பெட்டியில் என்னவோ விலைகூடினது இருக்கிறதாம் என்று கதை அதற்குள் பரவிவிட்டிருந்தது. பக்கத்துக் காம்பராவிலிருந்த வயதான அம்மா ஒருவர், பாக்கியம் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து பார்த்தவர், முன்னால் வந்து கேட்டார்.

"என்ன பாக்கியம், எவ்வளவு போகுதாம்?"

பாக்கியம் இழைப்புளியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"ஒண்ணும் போகாதாம் பெரியம்மா," என்றார். "தொர சாமானே இல்லியாம். எங்கப்பா பலாவுல செஞ்சதாம். பொய்ச் சாமானாம்."

அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவம், ஏமாந்துவிட்டாள் என்று நினைத்து, சரி விடு, மனசைத் தேத்திக்கோ என்று தோளில் தட்டினார். பாக்கியம் அழுதுகொண்டே சிரித்தார். ஆப்பைக் கழற்றி, உள்வாயின் மஞ்சளை அவர் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினார். பிறகு அடுத்த காம்பரா வாசலுக்குப் போனார். அங்கேயும் காட்டினார். அதற்கடுத்த வாசலுக்கும் போனார். ஒன்றும் போகாதாம், ஒன்றும் போகாதாம் என்று அவர் குரல் லயம் நெடுகக் கேட்டுக்கொண்டிருந்தது.

சாரதி வண்டியைத் திருப்பி வைத்திருந்தான். மழை மறுபடி வரும்போல இருந்தது. போகலாமா என்று டொக்டர் கேட்டார்.

இன்னும் கொஞ்சம் வாசல் மிச்சம் இருக்கிறது, அதையும் முடிக்கட்டும் என்றேன்.